ஏழு சென்டிமீட்டர் கூடுதல்

பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பேர். சமையலறை அலமாரி செய்கிற பட்டறை அது. வீடு வீடாகப் போய்ச் சுவரை அளந்துகொண்டு வருவது அவர் வேலை. அவர் கொண்டுவந்த அளவு என்றால் பலகை அறுக்கிறவர்கள் திரும்பக் கேட்க மாட்டார்கள். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு கதவுதான் மூடாமல் போனது, அதுவும் வீட்டுக்காரர் நடுவில் சுவருக்கு ஓடு ஒட்டிவிட்டதால். அந்தக் கதையைத் தெரியாத்தனமாக யாராவது எடுத்துவிட்டால் மனுஷன் அரை மணி நேரம் ஆளை விடமாட்டார். இப்படிப்பட்டவர் பெற்ற மகளின் அளவைத் தெரிந்தே தப்பாக எழுதிக் கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எழுதிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார், கொடுத்து என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், பேருக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளை. குளியலறைக்குப் போவதானாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவாள். பல் தேய்க்கும்போது ஒரு கால் பின்னால் தூக்கியிருக்கும். ஐந்து வயதிலேயே இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற நடன வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு மேடை நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு ஒரு புது டிரெஸ். வம்பு அங்கேதான்.

முதல் வருஷம் கோழிக்குஞ்சு. உடம்பெல்லாம் மஞ்சள் பஞ்சு, மூக்குக்கு ஓர் ஆரஞ்சுக் கூம்பு. நிகழ்ச்சி முடிந்து ஒரு மாசம் வரைக்கும் சோபாவிலிருந்து பஞ்சு பொறுக்கினார்கள். அந்தப் படத்தை மில்லிமீட்டர் பட்டறை முழுக்கக் காட்டித் தீர்த்தார். அடுத்த வருஷம் காளான், அதற்கடுத்து அலை. வயசு ஏற ஏறத் துணி இறங்கிக்கொண்டே வந்தது. போன வருஷம் வெள்ளி நிறத்தில் இரண்டு துண்டு, நடுவில் வயிறு தெரிந்தது. உதட்டில் சாயம், கண் இமையில் மினுமினுப்பு. மேடைக்கு வந்து நின்றபோது மில்லிமீட்டருக்கு முதலில் தன் மகள் எது என்றே தெரியவில்லை. தெரிந்ததும் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஆனால் ஆடினாள் பாருங்கள், அப்படி ஆடினாள்! விசில் அடித்தது யார் என்று முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர்தான். பூரிப்பும் சங்கடமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன, எதை எழுப்பி விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் தேநீர் இடைவேளையில் வழக்கம்போல் போனை எடுத்துக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள், நன்றாக ஆடுகிறாள் என்றார்கள். பலகை இறக்க வந்த லாரி டிரைவரும் பார்த்தான். பார்த்துவிட்டு, "அந்த ஆரம்பத்தை இன்னொரு தடவை போடுங்க" என்றான். போட்டார். அவன் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிசாக்கினான்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு மகள் இருக்கலாம், பாட்டு பிடித்திருக்கலாம், கண் சரியாகத் தெரியாதவனாகக்கூட இருக்கலாம். மில்லிமீட்டர் இதையெல்லாம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் அந்த வீடியோவை அழித்தார். அவனை என்னவென்று கேட்பது? ஏன் பெரிசாக்கினாய் என்றா? கேட்டால் இவரைத்தான் பைத்தியம் என்பார்கள். மனைவியிடமும் மூச்சு விடவில்லை. வீடியோ எங்கே என்று அவள் கேட்டபோது, போன் மக்கர் பண்ணிவிட்டது என்று ஒரு புளுகு புளுகினார்.

இந்த வருஷத்து டிரெஸ்ஸுக்கு அளவுப் படிவம் வந்தபோது மனைவிக்கு மாலை ஷிப்ட். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை அவளுக்கு. "நாளைக்குள்ள குடுக்கணுமாம். அளக்கறதுக்கு உங்களை விட்டா யாரு?" என்று படிவத்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். படிவத்தின் மூலையில் டிரெஸ்ஸின் படம். தங்க நிறம், தோளில் நூல் மாதிரி ஒரு பட்டை, தொடைக்கு மேலேயே முடிந்துவிடுகிற பாவாடை. அதைப் போட்டுக்கொண்டு நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மில்லிமீட்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அவ்வளவு துணிதான்.

வாலு கையை விரித்துக்கொண்டு நின்றாள். டேப் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தாள்.

"ஆடாம நில்லுடா."

"நீதான்பா கிச்சுகிச்சு மூட்டற."

மார்பு அறுபத்து நாலு. இடுப்பு ஐம்பத்தெட்டு. அதற்குக் கீழே அறுபத்தாறு. மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடாவிட்டால் கதவு உரசும், அது அவர் தொழிலில் பாலபாடம். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே? தொளதொளவென்று இருந்தால் தோளை மூடும், முட்டி வரைக்கும் தொங்கும், யார் கேட்கப்போகிறார்கள்? எழுபத்தொன்று, அறுபத்தைந்து, எழுபத்து மூன்று. அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்தபோது ஒரு பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி மூன்று வாரம் தாங்கியது.

நடன டீச்சர் வேலை செய்கிற விதம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேனாவையே தொட்டிருக்க மாட்டார். டிரெஸ் தைக்கிற கம்பெனி பத்து வாரத்துக்கு முன்னால் அளவு கேட்கும். ஆகவே யார் எங்கே ஆடுவது என்பதை டீச்சர் டிரெஸ்ஸை வைத்துத்தான் முடிவு செய்வார். அறுபது பிள்ளைகள், எல்லா முகமும் மனசில் நிற்குமா? படிவங்களை அளவு வாரியாக அடுக்கி நடுவில் ஒரு கோடு போடுவார். வாலு இருக்கிற இருபது பேர் ஆட்டத்தில் பன்னிரண்டு மின்மினி, எட்டு இருட்டு. கம்பெனியில் தங்க நிறத் துணி கொஞ்சம்தான் இருந்தது, அதனால் அந்த டிரெஸ் ஓர் அளவுக்கு மேல் வராது. அதற்குள் அடங்குகிறவர்கள் மின்மினி, முன்னால் பறப்பார்கள். அடங்காத பெரிய பெண்கள் இருட்டு. பின்னால் வரிசையாக நின்று கையை மெதுவாக அசைப்பார்கள். இருட்டுக்குக் கருநீல அங்கி, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும், கை மணிக்கட்டு வரைக்கும்.

பட்டியலை வகுப்புக் கதவில் ஒட்டிய அன்று வாலு ஆடாமல் அசையாமல் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

"நான் இருட்டாம்" என்றாள்.

"இருட்டுன்னா என்னடா?" என்று கேட்டார் மில்லிமீட்டர். அவள் விவரித்தாள். அங்கி கணுக்கால் வரைக்கும் வரும் என்று கேட்டதும், உண்மையைச் சொல்லவேண்டும், ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கணக்கு. பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர் சைஸ் பாத்துதான் பிரிச்சாங்களாம்பா. இருட்டுல எல்லாரும் பதிமூணு வயசு, பதினாலு வயசு அக்காங்க. நான் மட்டும்தான் பத்து."

"உயரமா இருக்கேல்ல, அதனால இருக்கும்."

"நான் உயரம் இல்லப்பா. வகுப்புல நான்தான் ரெண்டாவது குட்டை."

வாலுவின் சிநேகிதி ஒருத்தி, தடித்த கண்ணாடி போட்டவள், சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். அவள் மின்மினி. கெட்ட பிள்ளை இல்லை, ஆனால் வாயில் பூட்டு கிடையாது. "குண்டா இருக்கறவங்கதான் இருட்டு. நீ டிரெஸ்ஸுக்குள்ள குண்டா இருக்கியா?" என்று கேட்டுவிட்டாள். இதை வாலு அம்மாவிடம் சொன்னாள், அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். மில்லிமீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து தட்டில் பாதி மிஞ்சியது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வந்தது. வயிற்றில் ஏதோ கோளாறு என்று மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்தவர், படுக்கையறைக் கதவு திறந்திருக்கப் பார்த்தார். வாலு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றிருந்தாள். வயிற்றை உள்ளே இழுத்தாள், மூச்சு விட்டாள், திரும்ப இழுத்தாள். சட்டையை இறுக்கிப் பின்னால் முடிந்து பார்த்தாள். எலும்பு எண்ணலாம் போல இருக்கிற பிள்ளை. பார்க்காத மாதிரி அவர் பூனை நடை நடந்து வாசலுக்குப் போய், இப்போதுதான் வருகிற மாதிரி சாவியைக் குலுக்கினார். பாவம், மனுஷனுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு மாடி ஏறினார். டீச்சர் ஒலிப்பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்க பொண்ணோட அளவு... நான் தப்பா எழுதிட்டேன்."

"எவ்வளவு சார் தப்பு?"

"ஏழு."

"ஏழு மில்லிமீட்டரா?"

"சென்டிமீட்டர்."

டீச்சர் வயரைக் கீழே வைத்தார். "மூணு எடத்துலயுமா?"

"மூணுலயும்."

"சார், உங்க வேலையே அளக்கறதுதான்னு உங்க வீட்டுல சொன்னாங்களே." கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "டேப்புல ஏதாவது கோளாறா?"

மில்லிமீட்டர் தலையை ஆட்டினார். "பழைய டேப்பு" என்றார். பதினாறு வருஷத்துப் பெருமை இரண்டே வார்த்தையில் படியிறங்கிப் போனது.

டீச்சருக்கு இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பன்னிரண்டு தங்க டிரெஸ் பன்னிரண்டு பேருக்கு வெட்டியாகிவிட்டது, கம்பெனியில் அந்தத் துணியே தீர்ந்துவிட்டது. "நானும் பாத்தேன் சார், இவ பொடிசா இருக்காளேன்னு. ஆனா எனக்குத் தாள்ல இருக்கறதுதான். சொல்லப்போனா மின்மினி ஸ்டெப் எல்லாம் இவளுக்குத்தான் நல்லா வருது. பின்னால நின்னுக்கிட்டே மத்தவங்களுக்கு எடுத்துக் குடுக்கறா. யாராவது கடைசி நிமிஷத்துல வராமப் போனா பாக்கலாம், வேற வழி இல்ல."

படி இறங்கும்போது யாராவது ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டுமே என்று மில்லிமீட்டர் மனசார வேண்டினார். கடைசிப் படியில் அது உறைத்தது. அடச்சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிரெஸ் வந்தது. சமையலறையில் வாலுவை முக்காலி மேல் நிறுத்தி மனைவி அங்கியை மாட்டினாள். கை விரலைத் தாண்டித் தொங்கியது, உள்ளே இன்னொரு பிள்ளையை நுழைக்கலாம். மனைவி வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். ஒரு சுற்று வந்ததும் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாலு, போய் நூல்கண்டு எடுத்துட்டு வா" என்றாள். பிள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனது.

"இவளுக்கு டிரெஸ் வாங்கறது நான். இவ அளவு எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி தாழ்ந்த குரலில். "உங்க கை தப்பா அளக்காது. என்னங்க பண்ணீங்க?"

மென்று முழுங்கிப் பார்த்தார். அவள் விடுகிற ஜாதி இல்லை. படிவம், ஏழு சென்டிமீட்டர், லாரி டிரைவர், அவன் இரண்டு விரல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவி ஊசிகளை ஒவ்வொன்றாகத் தன் புடவைத் தலைப்பில் குத்தினாள்.

"எனக்கு மட்டும் அந்த டிரெஸ் பிடிச்சிருந்துதுன்னு நினைச்சீங்களா? போன வருஷம் நான் தலையைக் குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அதை டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கணும், நாலு அம்மாங்களைச் சேத்துக்கிட்டு. நானும் சொல்லல. நீங்க டிரெஸ்ஸை விட்டுட்டுப் பிள்ளை உடம்பு மேல கை வச்சுட்டீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"அவ குண்டு இல்லன்னு அவகிட்டச் சொல்லுங்க. எழுதினது நீங்கதான்னு சொல்லுங்க. ஏன்னு கேப்பா, அதுக்கும் பதிலை வச்சுக்கிட்டுப் பேசுங்க."

"அதுக்கு என்ன பதில்?"

"எனக்கும் தெரியல" என்றாள் மனைவி.

வாலு நூல்கண்டோடு வந்து முக்காலியில் ஏறினாள். மில்லிமீட்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். தைரியம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். "வாலு, நீ குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் அளவு சரியாத்தான் இருந்துச்சு. அப்பாதான் கூட்டி எழுதிட்டேன். ஏழு ஏழா."

பிள்ளை இரண்டு தடவை கண்ணைக் கொட்டினாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"அப்போ நான் சோடாபுட்டி சைஸ்தானா?"

"அவளை விடவும் ஒரு சென்டிமீட்டர் கம்மியாத்தான் இருப்ப."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முக்காலியிலிருந்து குதித்து, தொளதொள அங்கியோடு ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றினாள். ஆறு வாரத்துக்கு அப்புறம் முதல் சுற்று. மில்லிமீட்டருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவுதானா விஷயம், இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது சுற்றின் நடுவில் வாலு நின்றாள்.

"ஏம்பா கூட்டி எழுதின?"

"அது... அந்த டிரெஸ் ரொம்பச் சின்னதா இருந்துச்சுடா."

"எல்லாருக்கும் அதேதானே. சோடாபுட்டி அப்பா கூட்டி எழுதலையே."

"மேடையில ஏசி போடுவாங்க, குளிரும்னு..."

"லைட்டு அடிச்சா சூடாத்தான் இருக்கும். போன வருஷம் வேர்த்து ஊத்துச்சு." அவளுக்கு அப்பா பூசி மெழுகுகிறார் என்று தெரிந்துவிட்டது. பத்து வயசு என்றால் சும்மாவா? கொஞ்ச நேரம் யோசித்தாள். குரல் இறங்கிவிட்டது. "அந்த மாதிரி டிரெஸ் போட்டா நான் பாக்க நல்லா இருக்க மாட்டேனாப்பா?"

"ஐயோ, அப்படி இல்ல கண்ணு."

"போன வருஷம் நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்த."

"அப்புறம் ஏன் மறைக்கணும்? எது நல்லா இல்ல, காலா, வயிறா?"

மில்லிமீட்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைப் பார்த்தாள். அந்த லாரி டிரைவரை இந்தச் சமையலறைக்குள் எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? நீ நல்லா இருந்ததுதான் கண்ணு தப்பாகப் போனது, உன்னை இப்படிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், எவன் என்று முகத்தில் எழுதியிருக்காது என்று பத்து வயசுப் பிள்ளையிடம் சொன்னால், அதன் பிறகு அவள் எந்தத் தெருவில் எப்படி நடப்பாள்? சொல்லாவிட்டால் தன் காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். இந்தப் பக்கம் போனாலும் இடி, அந்தப் பக்கம் போனாலும் இடி. கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது, "உனக்கு இப்பப் புரியாதுடா" என்ற ஒன்றுதான்.

"சரிப்பா" என்றாள் வாலு. முக்காலியில் ஏறி நின்றாள். மனைவி அங்கியை மடித்து ஊசி குத்தி முடிக்கிற வரைக்கும் ஆடவில்லை, அசையவில்லை. அன்றைக்குச் சாப்பாடு முழுக்கச் சாப்பிட்டாள். அது ஒன்றுதான் லாபம்.

சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. அரங்கத்தின் பக்கவாட்டு வராண்டாவில் பிள்ளைகளும் அம்மாக்களும் ஹேர்பின்னும் நிரம்பிக் கிடந்தார்கள். கூந்தலுக்கு அடிக்கிற ஸ்பிரே வாசனையில் மில்லிமீட்டருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அப்போது டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், கையில் ஒரு பாலித்தீன் உறை.

"சார், சோடாபுட்டிக்குக் காலையிலேருந்து காய்ச்சல். அவங்க அம்மா டிரெஸ்ஸை இப்பத்தான் குடுத்தனுப்பினாங்க. உங்க பொண்ணுக்கு எல்லா ஸ்டெப்பும் தெரியும். சீக்கிரம் மாத்திவிடுங்க, இன்னும் பத்து நிமிஷம்தான்."

உறைக்குள் தங்க நிறம். சோடாபுட்டியைப் பெற்றவர்களை நினைத்து மில்லிமீட்டருக்குக் கூச்சமாக இருந்தது, தன் வேண்டுதலை நினைத்து அதைவிடக் கூச்சமாக இருந்தது. அதையெல்லாம் மீறிக்கொண்டு சந்தோஷம் பொங்கியது. இந்த டிரெஸ்ஸையா வேண்டாம் என்றோம்? இது கிடைத்ததே! வாங்கி மகளிடம் நீட்டியது அவரேதான்.

வாலு உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "போட்டுக்கவாப்பா?"

"போட்டுக்கடா கண்ணு, ஓடு ஓடு."

"நிஜமாவா? உனக்குப் பரவால்லையா?"

"பரவால்லடா, எனக்கு என்ன?" என்று சிரித்துவிட்டு, அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவளை அம்மாவோடு உள்ளே தள்ளிவிட்டார். திரும்பி வந்த மனைவி, "அளவு எடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

திரை விலகியது. பின்னால் ஏழு இருட்டு, ஓரத்தில் ஒரு இடம் காலி. முன்னால் பன்னிரண்டு மின்மினி. இடமிருந்து நாலாவது வாலு. நூல் மாதிரிப் பட்டை, மேல்தொடையில் நின்றுவிட்ட பாவாடை, எல்லாம் படத்தில் இருந்த மாதிரியே. ஆனால் அதற்குள் நின்றது அவருடைய பத்து வயசுப் பிள்ளை, முட்டியில் போன வாரம் விழுந்த காயத்தின் பொருக்கோடு. பாட்டு ஆரம்பித்தது. கால் பிசகவில்லை. பக்கத்துப் பிள்ளை தடுமாறியபோது வாலுதான் கண்ணாலேயே தாளக் கணக்கு எடுத்துக் கொடுத்தாள். மில்லிமீட்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிற இடம் வந்தது. கை உயர்ந்தால் பாவாடையும் சேர்ந்து இரண்டு விரல் உயரும், அப்படித்தான் அது தைக்கப்பட்டிருந்தது. பதினோரு ஜோடிக் கைகள் உயர்ந்தன. வாலுவின் கை தோள் வரைக்கும் வந்து, திரும்பி இறங்கிப் பாவாடையின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. அடுத்த கணக்குக்குத் திரும்பவும் அதேதான். குதிக்கிற இடத்தில் அவள் குதிக்கவில்லை, நுனிக்காலில் எழும்பி இறங்கினாள். ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது, ஒரு கை துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்றா இவ?" என்றாள் மனைவி. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சுற்றுகிற இடம் வரப்போகிறது. குளியலறைக்குப் போகும்போதும் தண்ணீர் குடிக்கப் போகும்போதும் பிள்ளை சுற்றிய அதே சுற்று. இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு சுற்றவேண்டும். மில்லிமீட்டரால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். தூக்குடா, நல்லா தூக்கு, எனக்கு ஒண்ணும் இல்லடா என்று கையாலேயே சொன்னார். "சார், மறைக்குது, உக்காருங்க" என்றார் பின்னால் ஒருவர். இவர் இன்னும் உயர்த்திக் கையை ஆட்டினார்.

மேடையில் வாலு அவரைப் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு நடுவில் அப்பா மட்டும் எழுந்து நின்று தன்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். அவள் முகம் வெளிறியது. மற்ற பதினோரு பேரும் சுற்ற ஆரம்பித்தார்கள். வாலு நின்ற இடத்திலேயே நின்று, அவசர அவசரமாக இரண்டு கையாலும் பாவாடையை முட்டியை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது சரியா என்று அவரையே பார்த்தாள்.